அடியெடுத்துக் கொடுப்பவள்

நாடகத்துக்காகச் சேரவில்லை,
மழைக்கு ஒதுங்கினேன்.
கால்வேயில் மழை குறுக்காகப் பெய்யும்.
குடை அங்கே ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான்.
மாணவர் சங்கங்கள் ஆள் பிடிக்கும் நாள்.
படகோட்டிகளுக்கும் சதுரங்கக்காரர்களுக்கும் நடுவே
கூரை ஒழுகாத ஒரே மேசை
நாடகச் சங்கத்தினுடையது.
இரண்டு யூரோ, ஒரு கையெழுத்து,
தகர டப்பாவிலிருந்து உடைந்த பிஸ்கட் ஒன்று.

சங்கத் தலைவியை இங்கே ஆடிட்டர் என்போம்.
ப்ரோனா ஆடிட்டர்.
கணக்கு மட்டும் அவளுக்கு வராது.
"நடிப்பாயா?"
"மாட்டேன்."
"ஆணி அடிப்பாயா?"
"கட்டைவிரலில் அடிப்பேன்."
"வாசிக்கவாவது தெரியுமா?"
கடலியல், இரண்டாம் ஆண்டு என்றேன்.
பிரதியைக் கையில் திணித்துவிட்டாள்.

அப்படித்தான்
இடப்பக்கத் திரைக்குப் பின்னால்
கால் ஆடும் ஒரு முக்காலியும்
நீலக் காகிதம் ஒட்டிய கைவிளக்கும்
என்னுடையவை ஆயின.

வேதியியல் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒத்திகை.
எல்லோர் ஸ்வெட்டரிலும் அழுகிய முட்டை வாடை.
ஃபியக்ரா எழுதிய நாடகம்:
வராத படகுக்காகத் துறையில் மூன்று பேர்.
நாற்பத்தொரு பக்கம்.
"கடைசிவரை வராத படகுக்கு
ஆறு வாரம் ஒத்திகையா?"
ஏணி உச்சியிலிருந்து கேட்டான்
விளக்குப் போடும் லோர்கன்.
யாரும் பதில் சொல்லவில்லை.

ஆறாவது வாரம்
பல் துலக்கும்போது நான் மூன்று பேர்.
டொனக் தடுக்கி விழும் இடங்கள்
அவனுக்கு முன்னால் என் நாக்குக்குத் தெரியும்.
ஒரே ஒரு சொல் போதும்.
"கயிறு" என்பேன்,
பிடித்து ஏறிவிடுவான்.
முழு வாக்கியத்தை எறிந்தால்
தலையில்தான் விழும்.

இரண்டாம் நாள் காட்சி.
அம்மா ட்யூவத்திலிருந்து வண்டி ஓட்டி வந்து
மூன்றாம் வரிசையில்,
நனைந்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு.
டொனக் அலையைப் பார்த்து நின்றான்.
நின்றான்.
பிரதியில் அங்கே நிறுத்தம் இல்லை.
மூன்று. நான்கு.
யாரோ இருமினார்கள்.
ஐந்து.
நான் சொன்னேன்:
"கானாங்கெளுத்தி!"

கிசுகிசுக்கச் சொன்ன சொல்தான்.
அத்தனை அமைதியில்
அது மீன் அங்காடி ஏலம்போல் கேட்டது.
அரங்கமே சிரித்தது.
"கானாங்கெளுத்திகூடத் திரும்பி வருகிறது"
என்று அவன் சொல்லி முடித்தபோது
அந்த வரி செத்துக் கிடந்தது.

அன்று காலைதான் அவன் அண்ணன்
பெர்த்துக்கு விமானம் ஏறியிருந்தான்.
ஒருவழிச் சீட்டு.
"நான் மறக்கவில்லை" என்றான்,
முகச்சாயத்தைத் துடைத்தபடி.
"தெரியும்" என்றேன்.
பொய்.

அம்மா காரைக் கிளப்பினாள்.
"உன் வசனம் ஒன்றுதான்,
ஆனால் தெளிவாகக் கேட்டது."

ஃபியக்ரா பென்சிலால் 'மௌனம்' என்று எழுதி
எத்தனை நொடி என்று கேட்டான்.
டொனக் தோளைக் குலுக்கினான்.

அன்றிரவு ஒத்திகைப் பதிவுகளை
ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
மறந்துபோனால்
அவன் வலது குதிகால் மெல்ல எழுகிறது.
மறக்காதபோது
இரண்டு பாதமும் பலகையில் ஒட்டிக் கிடக்கின்றன.
ஆறு வாரம் அவன் வாயையே பார்த்திருந்தேன்.
அடியைப் பார்க்காமலா
அடியெடுத்துக் கொடுத்தேன்?

மூன்றாம் நாள்.
அதே துறை, அதே அலை, நின்றான்.
கைவிளக்கை அவன் செருப்புப் பக்கம் சாய்த்தேன்.
ஐந்து.
பாதம் ஒட்டியிருந்தது.
எட்டு.
ப்ரோனா எதிர்த்திரையிலிருந்து
கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினாள்.
பார்க்காததுபோல் இருந்தேன்.
பத்து.
முன்வரிசையில் ஒருத்தி
கைக்குட்டையைத் தேடினாள்.
பன்னிரண்டு.
நினைவு எங்கேயோ போய்விட்டு
வரியில்லாமல் திரும்பியிருக்க வேண்டும்.
குதிகால் எழுந்தது.

"கா" என்றேன்,
மூச்சு மட்டுமாக.